கொடுத்தால் திருப்தி, கொடுக்காவிட்டால் கோபம்: வறுமையும் வாக்கும் நமது அமானிதமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரித்தாகட்டும். அவனிடமே உதவி தேடுகிறோம், அவனிடமே பாவமன்னிப்புக் கோருகிறோம். ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரிலும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களின் வழியில் நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்துக்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன். வீட்டிலும், கடையிலும், வாக்குச் சாவடியின் அந்தச் சிறிய அட்டைத் தடுப்புக்குப் பின்னாலும் அல்லாஹ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற அச்சத்தோடு வாழ்வோமாக.

சகோதரர்களே! ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது நாம் எதைப் பேசுகிறோம்? அரிசி விலையைப் பேசுகிறோம். மின்சாரக் கட்டணத்தைப் பேசுகிறோம். பிள்ளையின் டியூஷன் காசைப் பேசுகிறோம். பேச்சு கடைசியில் எங்கே போய் முடிகிறது? "யாருக்குப் போட்டு என்ன, நமக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்வியில் போய் முடிகிறது. இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான வேதனை இருக்கிறது. அதே கேள்விக்குள் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்வதே இன்றைய குத்பாவின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்த மிம்பர் எந்தக் கட்சிக்கும் சொந்தமானதல்ல. யாருக்கு வாக்களியுங்கள் என்று இங்கிருந்து சொல்லப்படாது. ஆனால் எப்படி வாக்களிக்க வேண்டும், எப்படிக் கோபப்பட வேண்டும், எப்படிப் பசியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல மார்க்கத்துக்கு உரிமை இருக்கிறது.

நாம் கடந்து வந்த பாதை

மனிதன் சீக்கிரம் மறந்து விடுவான். அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கேஸ் சிலிண்டருக்காக ஸுப்ஹுக்கு முன்பே பெண்கள் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த வரிசைகளிலேயே முதியவர்கள் சிலர் மயங்கி விழுந்து மரணித்தார்கள். பால்மா கிடைக்கவில்லை. அச்சிடக் கடதாசி இல்லை என்று பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப் போடப்பட்டன. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நமது நாடு உலகத்துக்கு அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த ஒரு டொலர், சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது, முந்திய வருடம் 1000 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 1950 ரூபாய். சம்பளம் மட்டும் அதே சம்பளம்.

உலக வங்கியின் கணக்குப்படி 2021இல் நூற்றுக்கு 13 பேராக இருந்த ஏழைகள், 2022இல் நூற்றுக்கு 25 பேரானார்கள். ஒரே வருடத்தில் வறுமை இரண்டு மடங்கானது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இது வானத்திலிருந்து இறங்கிய பஞ்சமா? மழை பொய்த்ததா? இல்லை. பல வருடங்களாக வரவை மீறி வாங்கிச் சேர்ந்த கடன் இருந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசாங்கத்தின் வருமானம் சரிந்தது. நாம் சந்தோஷப்பட்டோம். பின்னர் கொரோனா வந்தது, சுற்றுலாப் பயணிகளின் வருகை நின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. விவசாயிகள் கத்தினார்கள். அந்தக் கத்தல் காதில் விழுந்து தடை நீக்கப்படுவதற்குள் வயல் வாடி விட்டது. 2023 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட அன்றைய பொறுப்பாளர்கள் பலர் பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் "பொது நம்பிக்கை" என்று சொன்னதற்கு நமது மார்க்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. அமானிதம்.

வாக்குகள் மாறிய கதை

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள்.

2019இல் 69 லட்சம் வாக்குகள் ஒருவருக்குக் கிடைத்தன. 2020 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 145 ஆசனங்கள். அதே தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு வெறும் 3 ஆசனங்கள். நான்கு வருடங்கள் கழிந்தன. 2024 நவம்பரில் அந்த 145 ஆசனங்கள் 3 ஆகின. அந்த 3 ஆசனங்கள் 159 ஆகின. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் இப்படித் தலைகீழான மாற்றம்!

இடையில் 2022 ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததையும், சில நாட்களில் 69 லட்சம் பேர் தெரிவு செய்தவர் நாட்டை விட்டு வெளியேறி, வெளிநாட்டிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பியதையும் நம் கண்களால் பார்த்தோம். ஆட்சியைத் தான் நாடியவர்களுக்குக் கொடுப்பதும், தான் நாடியவர்களிடமிருந்து கழற்றி எடுப்பதும் அல்லாஹ்வே என்று ஆலு இம்ரான் சூராவின் 26ஆம் வசனம் சொல்கிறது. அதைத் திலாவத் செய்திருக்கிறோம். 2022இல் அதைக் கண்ணால் கண்டோம்.

வாக்கு மாறியது தவறா? இல்லை சகோதரர்களே. தவறு செய்தவரை விட்டு மக்கள் விலகுவது குற்றமல்ல. பிழை செய்தால் என்னை நிமிர்த்துங்கள் என்று பொறுப்பேற்ற முதல் நாளிலேயே மக்களிடம் கேட்டுக்கொண்டவர் அபூபக்ர் ஸித்தீக் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள். அநீதி இழைக்கப்பட்டவன் உரத்துக் குரல் எழுப்புவதற்கு அந்நிஸா சூராவின் 148ஆம் வசனம் விதிவிலக்கு வைத்திருக்கிறது. அநியாயம் செய்யும் ஆட்சியாளனுக்கு முன்னால் சத்தியத்தைச் சொல்வதைச் சிறந்த ஜிஹாதுகளில் ஒன்றாக நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எண்ணினார்கள்.

ஆகவே கேள்வி, ஏன் மாறினோம் என்பதுதான். நீதிக்காக மாறினோமா? அல்லது நமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மாறினோமா?

மறுமையில் அல்லாஹ் பார்க்காத மூவர்

அபூஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருக்கிறது. அதன் கருத்தை நிதானமாகக் கேளுங்கள். மறுமை நாளில் மூன்று பேரை அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான், அவர்களைப் பரிசுத்தப்படுத்தவும் மாட்டான், அவர்களுக்கு நோவினை தரும் வேதனை உண்டு என்று நபியவர்கள் எச்சரிக்கிறார்கள்.

முதலாமவன், பாதையோரத்தில் தன் தேவைக்கு மேல் தண்ணீர் வைத்திருந்தும் அதை வழிப்போக்கனுக்குக் கொடுக்காமல் தடுத்தவன். இரண்டாமவன், உலக ஆதாயத்துக்காக மட்டும் ஒரு தலைவருக்கு பைஅத் செய்தவன். ஏதாவது கொடுத்தால் திருப்திப்படுவான், கொடுக்காவிட்டால் கோபப்படுவான். மூன்றாமவன், அஸருக்குப் பிறகு தன் சரக்கைக் கடைத்தெருவில் வைத்து, இதற்கு இவ்வளவு விலை கேட்டார்கள் என்று அல்லாஹ்வின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்து, அதை நம்ப வைத்து விற்றவன்.

இந்த மூவரையும் நபியவர்கள் ஏன் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள்? பதுக்குபவன், விசுவாசத்தை விற்பவன், பொய் சொல்லிச் சரக்கை விற்பவன். ஒரு நாடு பொருளாதாரத்தில் விழும்போது இந்த மூன்று பேரும்தான் அந்த நாட்டின் தெருக்களில் நடமாடுவார்கள். நாம் அரசியல்வாதியை மட்டும்தான் பார்க்கிறோம். ஹதீஸோ நம் தெருவையும், நம் கடையையும், நம் வாக்குச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கிறது.

நடுவில் இருப்பவனை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு அவனைப் பற்றியது.

தேர்தல் காலம் வந்தால் நமது ஊர்களில் என்ன நடக்கிறது? கூரைத் தகடு வருகிறது. உலர் உணவுப் பொதி வருகிறது. பள்ளிவாசலுக்குக் கார்ப்பட் தருகிறோம் என்கிறார்கள். விளையாட்டுக் கழகத்துக்கு ஜெர்சி தருகிறோம் என்கிறார்கள். மகனுக்கு அரசாங்க வேலைக்கு ஒரு கடிதம் என்கிறார்கள். நாம் வாங்கிக்கொள்கிறோம். பின்னர், கொடுத்தவர் நல்லவர் என்கிறோம். அடுத்த தேர்தலில் இன்னொருவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார். அந்தப் பக்கம் சாய்கிறோம். இது அரசியல் விழிப்புணர்வா? ஹதீஸ் சொன்ன மனிதன் இவன்தானே? லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நபியவர்கள் சபித்தார்கள் என்றால், வாக்குக்குக் கொடுக்கும் பொதியும் வாங்கும் கையும் அந்தச் சாபத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

தவ்பா சூராவின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் முனாபிக்குகளின் ஓர் அடையாளத்தைச் சொல்கிறான். ஸதகாப் பொருட்களைப் பங்கிடுவதில் அவர்கள் நபியவர்களைக் குறை கூறினார்கள். அதிலிருந்து ஏதாவது கொடுக்கப்பட்டால் மகிழ்ந்தார்கள், கொடுக்கப்படாவிட்டால் உடனே ஆத்திரப்பட்டார்கள். அவர்களுடைய கோபம் நீதிக்காக வந்த கோபமல்ல. பங்கு வராத கோபம். நபியவர்களின் பங்கீட்டிலேயே குறை கண்ட அந்தக் குணம், நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களின் உள்ளத்தில் நுழையாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பொதுமக்கள் மட்டுமல்ல, நம் பிரதிநிதிகளும் இந்தச் சோதனையில் தோற்றிருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டை மறக்க முடியுமா? கொரோனாவில் மரணித்த நமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட காலம். பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் சகல இனத்தவரும் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அந்த எரிப்பு நடந்துகொண்டிருந்த ஒக்டோபர் மாதத்தில், ஜனாதிபதிக்கு அளவற்ற அதிகாரத்தைக் கொடுக்கும் 20ஆவது திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சி ஆசனங்களில் அமர்ந்திருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் கைகளை உயர்த்தி ஆதரவு கொடுத்தார்கள். நாம் எதிர்த்து நிற்கச் சொல்லி அனுப்பியவர்கள், கட்சியைத் தாண்டி அடுத்த பக்கம் போனார்கள். நல்லடக்கத்துக்கு அனுமதி வந்ததோ 2021 பெப்ரவரி இறுதியில்தான்.

அவர்களை ஏசுவது இலேசு. ஆனால் கேளுங்கள். அவர்களை அனுப்பியது யார்? அவர்கள் ஆளும் தரப்பில் இருந்தால்தான் ஊருக்கு வேலை நடக்கும், அமைச்சுப் பதவி இருந்தால்தான் நமக்கு மதிப்பு என்று வருடக் கணக்காகச் சொல்லிக் கொடுத்தது யார்? நாம் விதைத்ததைத்தான் அவர்கள் அறுவடை செய்தார்கள். தம்மிடம் உள்ளதைத் தாமே மாற்றிக்கொள்ளாத வரை ஒரு சமூகத்தின் நிலையை அல்லாஹ் மாற்றுவதில்லை என்ற ரஃது சூராவின் 11ஆம் வசனத்தை நாம் மற்றவர்களுக்குச் சொல்லவே பழகி விட்டோம்.

ஆட்சிப் பொறுப்பில் யாரைத் தேட வேண்டும்?

அப்படியானால் எதைப் பார்த்து வாக்களிப்பது? குர்ஆன் இதற்கு ஒரு பொருளாதார நெருக்கடியின் கதையையே சொல்கிறது. யூஸுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதை.

எகிப்து மன்னர் ஒரு கனவு கண்டார். யூஸுப் நபி சிறையில் இருந்தபடியே அதற்கு விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தோடு நிறுத்தவில்லை, திட்டத்தையும் சொன்னார்கள். ஏழு வருடங்கள் தொடர்ந்து பயிரிடுங்கள். உண்பதற்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் கதிரிலேயே விட்டுச் சேமித்து வையுங்கள். பின்னால் வரும் ஏழு கடினமான வருடங்கள் அந்தச் சேமிப்பைத் தின்று விடும். அதற்குப் பிறகு மழை பொழியும் வருடம் வரும்.

செழிப்பான காலத்தில் கொஞ்சமாகத் தின்னச் சொன்ன நபி அவர்கள். நாமோ செழிப்பான காலத்தில் கடன் வாங்கித் தின்றோம். வரியைக் குறைத்தவர்களைக் கொண்டாடினோம். அந்த வருமானம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மருந்து எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. 8 சதவீதமாகக் குறைந்த அதே வற் வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. அன்று கிடைத்த இனிப்புக்கான விலையை இன்று ஏழையும் சேர்ந்து கட்டுகிறான். செல்வந்தனும் அன்றாடங்காய்ச்சியும் ஒரே கடையில் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள்.

களஞ்சியங்களின் பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு யூஸுப் நபி மன்னரிடம் கேட்டபோது தம்மைப் பற்றி இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள். ஒன்று, பாதுகாப்பவர். மற்றது, அறிந்தவர். நேர்மையும் திறமையும். அவர் எந்தக் குலம், எந்த இனம் என்பது அங்கே பேச்சாகவில்லை. வெளியூரிலிருந்து வந்த, சிறையிலிருந்த ஒருவர்தானே!

நேர்மை மட்டும் போதுமா? அபூதர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களை விடப் பேணுதலானவர் யார்? அவர்கள் தமக்கு ஒரு பொறுப்புத் தரக் கூடாதா என்று கேட்டபோது, நபியவர்கள் அன்போடு தோளில் தட்டி மறுத்தார்கள். நீங்கள் பலவீனமானவர், இதுவோ அமானிதம், உரிய முறையில் நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவும் கைசேதமும் ஆகி விடும் என்ற கருத்தில் விளக்கினார்கள். ஆகவே நம் ஊர்க்காரர், நம் உறவுக்காரர், நன்றாகப் பேசுபவர், தொழுகையில் முன் ஸஃப்பில் நிற்பவர் என்பதெல்லாம் போதாது. அந்தக் களஞ்சியத்தைக் காக்க அவரால் முடியுமா? அதைப் பற்றி அவருக்குத் தெரியுமா? இந்த இரண்டு கேள்விகள்தான் முக்கியம்.

ஆட்சியில் அமர்ந்தவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு. வரலாற்றில் அதற்குச் சாம்பல் ஆண்டு என்று பெயர். மழை இல்லாமல் நிலம் சாம்பல் நிறமானது. கிராமப்புற அரபிகள் பசியோடு மதீனாவை நோக்கி வந்தார்கள். கலீஃபா என்ன செய்தார்கள்? ஷாமிலிருந்து தானியத்தை வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யையும் இறைச்சியையும் தொட மாட்டேன் என்று உறுதி கொண்டு, எண்ணெயில் உணவு உண்டு மேனி கறுத்துப் போனார்கள். பசியால் திருடியவனின் கையைத் துண்டிக்கும் தண்டனையை அந்த ஆண்டு நிறுத்தி வைத்தார்கள். முதலில் பசி, பிறகு தண்டனை! வரிசையில் நிற்கும் மக்களுக்கு ஆட்சியாளர் தரும் முதல் ஆறுதல், தானும் அந்த வரிசையின் கஷ்டத்தை உணர்வதுதான்.

எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். நமக்குப் பிடித்தவர் என்பதற்காக அளவைக் குறைக்கவும் கூடாது, நாம் வாக்களிக்காதவர் என்பதற்காக அளவைக் கூட்டவும் கூடாது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்து விட வேண்டாம் என்று மாஇதா சூராவின் 8ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். 2022 மே 9ஆம் திகதி காலிமுகத்திடலில் அமைதியாக இருந்தவர்கள் தாக்கப்பட்டது அநியாயம். அன்றிரவு வீடுகள் எரிக்கப்பட்டதும் அநியாயமே. ஓர் அநியாயத்துக்கு இன்னோர் அநியாயம் மருந்தாகாது.

தண்ணீரைத் தடுத்தவனும் சரக்கை விற்றவனும்

இனி அந்த ஹதீஸின் மற்ற இருவரிடம் வருவோம். இவர்கள் பாராளுமன்றத்தில் இல்லை. நமக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நாம் வியாபாரச் சமூகம். அல்லாஹ் நமக்கு அதில் பரக்கத் செய்திருக்கிறான். ஆனால் நெருக்கடிக் காலத்தில் பழைய விலைக்கு வாங்கிய மூடைகளைப் பின்னறையில் வைத்து விட்டு, "சாமான் இல்லை" என்று சொன்ன கடைகள் இருந்தன. நாளைக்கு விலை கூடும் என்பதற்காக இன்று பசித்தவனைத் திருப்பி அனுப்பினார்கள். பதுக்குபவன் பாவியே என்று நபியவர்கள் சொன்னதாக முஸ்லிமில் வருகிறது. டொலர் ஏறிய அன்றே விலையைக் கூட்டியவர்கள், டொலர் இறங்கியபோது குறைப்பதற்கு எத்தனை மாதம் எடுத்தார்கள்? "வல்லாஹி, எனக்கே இந்த விலைதான் விழுந்தது" என்று சொல்லும் நாவு, அஸருக்குப் பின் சரக்கை விற்ற அந்த மனிதனின் நாவல்லவா?

அரசாங்கத்தின் ஊழலைக் கண்டிப்பதற்கு நமக்குத் தைரியம் வேண்டுமானால், நமது தராசு நேராக இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னேன். அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் பாவமன்னிப்பு அருள்வானாக. அவனிடமே மன்னிப்புக் கேளுங்கள், நிச்சயமாக அவன் மன்னிப்பவன், கருணையாளன்.

இரண்டாவது குத்பா

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அவனது தூதர் மீது உண்டாவதாக.

கண்ணியத்துக்குரியவர்களே! இப்போது வரிசைகள் இல்லை. பெட்ரோல் கிடைக்கிறது, கேஸ் கிடைக்கிறது. அதனால் நெருக்கடி முடிந்து விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். வரிசை போய் விட்டது, வறுமை போகவில்லை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பி விட்டது என்று அர்த்தமல்ல. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. அன்று தங்க நகையை அடகு வைத்த குடும்பம் இன்னும் அதை மீட்கவில்லை. மூன்று வேளை சாப்பிட்டவர்கள் இரண்டு வேளைக்குப் பழகி விட்டார்கள். அஸ்வெசும பட்டியலில் பெயர் வராத ஏழைகள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பவே தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

பகரா சூராவின் 273ஆம் வசனத்தில் அல்லாஹ் ஒரு வகையான ஏழையைக் காட்டுகிறான். அவர் கை நீட்ட மாட்டார். அவருடைய ரோஷத்தைப் பார்த்து, அறியாதவர்கள் அவரை வசதியானவர் என்று நினைப்பார்கள். அடையாளத்தைக் கொண்டுதான் அவரை அறிய முடியும். அந்த மனிதர் இன்று நமது ஸஃப்பிலேயே நிற்கக் கூடும். சலவை செய்த சட்டையோடு நிற்பார். அவருடைய வீட்டில் நேற்று இரவு அடுப்பு எரிந்ததா என்று நமக்குத் தெரியாது.

ஆகவே நான்கு விடயங்களை உங்கள் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

முதலாவது, ஸகாத். ரமழானில் வாசலில் வரிசையாக நிற்பவர்களுக்கு நூறு, இருநூறு என்று சில்லறையாகக் கொடுப்பதால் யாருடைய வறுமையும் தீராது. பெட்ரோல் வரிசையை வெறுத்த நாம், ஏழைகளை ஸகாத் வரிசையில் நிறுத்தலாமா? பைத்துல்மால் மூலம் ஒன்று சேர்த்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு தையல் மெஷின், ஒருவருக்கு அடகில் இருக்கும் ஆட்டோவை மீட்டுக் கொடுத்தல் என்று, இந்த வருடம் வாங்கியவர் அடுத்த வருடம் வாங்கத் தேவையில்லாத அளவுக்குக் கொடுப்போம்.

இரண்டாவது, கடன். பலசரக்குக் கடைக் கொப்பியில் எழுதி வைத்த கடனை அடைக்க முடியாமல் அந்தக் கடைப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். கஷ்டப்படுபவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்குமாறும், தர்மமாக விட்டுக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்றும் பகரா சூராவின் 280ஆம் வசனம் சொல்கிறது. வசதியான ஒருவர் அந்தக் கடைக்குப் போய், பெயர் சொல்லாமல் ஒரு பக்கத்தை அடைத்து விட்டு வரலாம். அதைப் படம் பிடித்து முகநூலில் போட வேண்டாம்.

மூன்றாவது, கல்யாணச் செலவும் ஆடம்பரமும். பக்கத்து வீட்டில் பிள்ளை பால்மா இல்லாமல் தேநீர் குடிக்கும்போது, ஒரே இரவின் மண்டப அலங்காரத்துக்கு லட்சக் கணக்கில் கொட்டுவது எந்த சுன்னத்?

நான்காவது, அண்டை வீட்டார். 2022 ரமழானில் காலிமுகத்திடலில் நடந்த இஃப்தாரை நினைத்துப் பாருங்கள். மூன்று வருடங்களுக்கு முன்னால் நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த நாட்டில், சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் நம்மோடு உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைப் பகிர்ந்தார்கள். பசி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அந்த வரிசைகள் அவர்களுக்கும் நமக்கும் கற்றுக் கொடுத்தன. வறுமை கூடும்போது, அதற்குக் காரணம் அடுத்த இனத்தவன்தான் என்று சொல்லி வாக்குத் தேடுபவன் மீண்டும் வருவான். அன்றைக்கு அவனை நம்பாமல் இருப்பதற்கு, நமக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையில் இன்றைக்கே ஒரு தட்டுச் சோறு போய் வர வேண்டும்.

அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றி நபியவர்கள் பாராட்டிச் சொன்னது புகாரியில் வருகிறது. பயணத்தில் உணவு தீர்ந்து போனாலோ, ஊரில் குடும்பங்களுக்கு உணவு குறைந்தாலோ, அவர்கள் எல்லோரும் தம்மிடம் இருப்பதைக் கொண்டு வந்து ஒரே துணியில் கொட்டுவார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிடுவார்கள். இவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் இவர்களைச் சேர்ந்தவன் என்ற அளவுக்கு நபியவர்கள் அவர்களை உயர்த்திப் பேசினார்கள். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் கிடைக்காத உறுப்புரிமை அது!

நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், நம்மிடம் இருப்பதிலிருந்து அந்தத் துணியில் எதை வைத்தோம் என்று கேட்கத் தொடங்கினால், தேர்தலில் நம்மை விலைக்கு வாங்க யாராலும் முடியாது. தேவை உள்ளவனைத்தான் விலை பேசுவார்கள். ஒரு மஹல்லா தன் ஏழையைத் தானே தாங்கிக்கொண்டால், அந்த ஏழை வாக்குச் சாவடிக்கு நிமிர்ந்து போவான். பொதி தந்தவனுக்காக அல்ல, நீதி என்று தனக்குத் தெரிவதற்காக அவன் சாட்சி சொல்வான்.

இப்போது கைகளை ஏந்துவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பாவங்களையும் எங்கள் பெற்றோரின் பாவங்களையும் மன்னிப்பாயாக. எங்கள் நாட்டுக்குப் பரக்கத்தையும் பாதுகாப்பையும் தருவாயாக. பசியால் துன்புறும் ஒவ்வொரு வீட்டுக்கும், அது எந்த மதத்தவரின் வீடாக இருந்தாலும், உன் புறத்திலிருந்து உணவளிப்பாயாக. பொறுப்புகளை அமானிதம் பேணுகின்ற, அறிவுள்ள கைகளில் ஒப்படைப்பாயாக. எங்கள் ஆட்சியாளர்களின் உள்ளங்களில் ஏழைகள் மீது இரக்கத்தைப் போடுவாயாக. கடனில் தவிப்பவர்களின் கடனை அடைத்து வைப்பாயாக. பிழைப்புக்காக நாடு கடந்து போன எங்கள் பிள்ளைகளைக் காத்து, ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் திருப்பிச் சேர்ப்பாயாக.

யா அல்லாஹ்! தண்ணீரைத் தடுத்தவனாக, பைஅத்தை விற்றவனாக, பொய்ச் சத்தியத்தால் சரக்கை விற்றவனாக எங்களில் ஒருவரையும் உன் முன்னால் நிறுத்தி விடாதே. நீ பார்த்துப் புன்னகைக்கும் அடியார்களில் எங்களைச் சேர்த்துக்கொள்வாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.